பரிசுப் பணத்துக்கு வருமான வரிக் கணக்கு: பொள்ளாச்சியில் நான் கண்ட ஆடிட்டர் அலுவலகம்

லாட்டரியிலோ நகைக்கடைக் குலுக்கலிலோ செல்போன் விளையாட்டிலோ பணம் விழுந்து, அதற்கு வருமான வரிக் கணக்கை யாரிடம் கொடுப்பது என்று தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பொள்ளாச்சியில் நியூ ஸ்கீம் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், மருந்துக் கடைக்கு மேல் மாடியில், ஒரு பெண் ஆடிட்டர் அலுவலகம் நடத்துகிறார். பட்டயக் கணக்காளர், உறுப்பினர் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர்கள் தொழிலில் விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. அதை மதித்து இடத்தை மட்டும் சொல்கிறேன். சப் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கவுன்டருக்கு உள்ளே வாழ்நாளைக் கழித்தவன் என்பதால், கவுன்டருக்கு வெளியே நிற்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ரசீது கொடுக்கிறார்களா, படிவத்தில் என்ன எழுதுகிறார்கள் என்பதை நமக்குக் காட்டுகிறார்களா, நம் பெயருக்கு வரும் கடிதம் நம் கைக்கு வருகிறதா என்ற மூன்றும்தான் எனக்கு முக்கியம்.

முதலில் பணம் வந்த கதை. என் மகளைக் கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அங்கே போகும்போதெல்லாம் கேரள அரசு லாட்டரியில் ஒரு சீட்டு வாங்குவேன். தமிழ்நாட்டில் 2003இலிருந்து லாட்டரி விற்பனைக்குத் தடை. ஆகவே இங்கே கள்ளத்தனமாக விற்கும் சீட்டை நான் தொடுவதில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், முகவரின் முத்திரை பின்பக்கம் விழுந்த சீட்டைத்தான் வாங்குவேன். காருண்யா சீட்டின் மீது எனக்கு ஒரு பிரியம் உண்டு. அதில் வரும் வருமானம் ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்குப் போகும் என்று சொல்லி 2011இல் தொடங்கிய சீட்டு அது. எனக்குப் பரிசு விழுந்தபோது அதன் விலை 40 ரூபாய். 2025 ஜனவரியில் ஒரு சனிக்கிழமைக் குலுக்கலில் எனக்கு இரண்டாம் பரிசு விழுந்தது. 5 லட்சம் ரூபாய்.

பரிசைக் கேட்க, சீட்டின் பின்புறம் பெயர், முகவரி, கையெழுத்து, கூடவே சீட்டின் சான்றொப்பமிட்ட நகல், புகைப்படம், வருவாய் வில்லை ஒட்டிய ரசீது, பான் அட்டை நகல். வேறு மாநிலத்துக்காரன் என்பதால் எங்கே, எதற்காகப் போனபோது வாங்கினேன் என்றும் எழுதிக் கொடுத்தேன். குலுக்கல் நடந்து 30 நாளுக்குள் சீட்டை ஒப்படைக்க வேண்டும் என்பதால் உடனே வங்கி வழியாகத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினோம். மார்ச் முதல் வாரத்தில் கணக்கில் ஏறியது 3,15,000 ரூபாய்.

எங்கே போயிற்று மீதி என்று வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். சீட்டு விற்ற முகவருக்கு பரிசில் 10 சதவீதம், அதாவது 50,000. மிச்சம் 4,50,000. அதில் 30 சதவீதம் வருமான வரிப் பிடித்தம், 1,35,000. ஆக, கைக்கு 3,15,000. வருமான வரிச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, பணம் கொடுப்பவரே இந்தப் பிடித்தத்தைச் செய்துவிட வேண்டும். நமக்கு அதில் ஒரு சொல்லும் இல்லை.

இத்தோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் ஏராளம். முடியவில்லை. கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், அதற்கு மேல் கொஞ்சம் வரியும் கட்ட வேண்டும். இதைச் சரியாகச் செய்துகொடுக்க ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். சம்பளக்காரர் கணக்கை ஆயிரக்கணக்கில் போட்டுத் தள்ளும் அலுவலகங்களில்கூடப் பரிசுப் பணம் என்றால் தடுமாறுகிறார்கள்.

எனக்கு நேர்ந்தது இதுதான். உறவினர் ஒருவர் சொல்லி கோயம்புத்தூரில் ஓர் இடத்துக்குப் போனேன். குளிர்சாதன அறை, வரிசையாகக் கணினிகள், கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள். அங்கே இருந்தவர், வரி பிடித்ததற்குச் சான்றான என் 16ஏ படிவத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஐயா, உங்களுடைய பென்ஷன் குறைவு, வயதும் அறுபதுக்கு மேல். பிடித்த 1,35,000இல் பெரும் பகுதியைத் திரும்ப வாங்கிக் கொடுத்துவிடலாம். வருகிற பணத்தில் 10 சதவீதம் எங்களுக்குக் கொடுங்கள்” என்றார். எப்படி என்று கேட்டேன். பரிசை மற்ற வருமானம் என்று சாதாரணமாகக் காட்டி, மூத்த குடிமக்களுக்கான 3 லட்ச விலக்கையும் கழிவுகளையும் அதன் மேல் போட்டுவிடுவார்களாம். படிவம், எளிய கணக்குகளுக்கான ஐடிஆர்-1. கூடவே, வருமான வரி இணையதளத்தில் என் கணக்கின் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். மின்னஞ்சல் முகவரியையும் கைப்பேசி எண்ணையும் “வசதிக்காக” தங்கள் அலுவலகத்தின் பெயருக்கு மாற்றிக்கொள்வார்களாம்.

எழுந்து வந்துவிட்டேன். என் பெயருக்கு அரசு அனுப்பும் தபால் வேறொருவர் பெட்டியில் விழுவதற்கு நான் கையெழுத்துப் போடுவேனா? பிழைப்பு முழுவதும் உரியவர் கையில் கடிதம் சேர வேண்டும் என்று வேலை பார்த்தவன். வரித் துறை நோட்டீஸ் அனுப்பினால் அது அவர்களுக்குப் போகும், நான் பதில் சொல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பேன், அபராதம் மட்டும் என் பான் எண்ணில் ஏறும். அந்த இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. ஆனால் அதே பேச்சை உங்களிடம் யாராவது பேசினால், அது எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்திருக்கட்டும். லாட்டரிப் பரிசு உள்ளவர்கள் ஐடிஆர்-1 படிவத்தைப் பயன்படுத்தவே கூடாது. பணம் கொடுத்தவர்கள் 194பி என்று எழுதியே வரித் துறைக்குத் தகவல் அனுப்பியிருக்கிறார்கள். அது, நம் பான் எண்ணில் பிடித்த வரியையெல்லாம் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் பளிச்சென்று நிற்கிறது. தவறாகக் காட்டி வரியைக் குறைத்தால், குறைந்த வரியைப் போல இரண்டு மடங்குவரை அபராதம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வாங்கிக் கொடுக்கும் பணத்தில் பங்கு என்று கட்டணம் பேசுவதும் பட்டயக் கணக்காளர்களின் தொழில் விதிக்கு ஆகாது. அப்படிப் பேசுகிறவர் பட்டயக் கணக்காளராக இருக்க முடியாது, அல்லது விதியை மதிக்காதவர்.

அதன் பிறகுதான் ஓய்வூதியர் சங்கத்து நண்பர் ஒருவர் நியூ ஸ்கீம் ரோட்டு அலுவலகத்தைச் சொன்னார். ஆகஸ்ட் மாதம். தாக்கலுக்கான கடைசி நாளை அந்த ஆண்டு செப்டம்பர் 15 வரை தள்ளிப் போட்டிருந்ததால் நெருக்கடி கொஞ்சம் குறைவு. இரண்டு மேசை, ஒரு பெஞ்சு, சுவரில் தினசரிக் காலண்டர். அந்த அம்மாவும் உதவிக்கு இரண்டு பெண்களும்.

அவர் சொன்ன முதல் வார்த்தை, “ஐயா, இந்த 1,35,000 திரும்ப வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்னும் 5,400 நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.” அங்கேயே எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. திரும்ப வாங்கித் தருகிறேன் என்று இனிக்க இனிக்கப் பேசிய இடத்திலிருந்து வந்தவனிடம், கசப்பை முதலில் வைத்தார். காரணத்தையும் விளக்கினார், அதுவும் என் கையில் பென்சிலைக் கொடுத்து.

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் ஒரு கோடு கிழித்தார். இடது பக்கம் என் பென்ஷன், வட்டி. வலது பக்கம் பரிசு. “இந்தக் கோட்டைத் தாண்டி எதுவும் இந்தப் பக்கம் வராது, ஐயா. விலக்கு, கழிவு எல்லாம் இடது பக்கத்தோடு சரி. வலது பக்கம் முதல் ரூபாயிலிருந்து 30 சதவீதம்.” 115பிபி பிரிவு சொல்வது அதைத்தான். லாட்டரி, குறுக்கெழுத்துப் போட்டி, குதிரைப் பந்தயம், சீட்டாட்டம், சூதாட்டம், பந்தயம் ஆகியவற்றில் வெல்வதற்கு ஒரே விகிதம், 30 சதவீதம். சீட்டு வாங்கிய 40 ரூபாயைக்கூடச் செலவாகக் காட்டிக் கழிக்க முடியாது. விழாத சீட்டுகளை எல்லாம் சேர்த்து வைத்திருக்கும் ஆள்கள் உண்டு. அவற்றுக்கும் அதே கதிதான். அந்த வரிக்கு மேல் 4 சதவீதம் கல்வி, சுகாதாரத்துக்கான செஸ். பிடித்தம் செய்கிறவர்கள் இந்தச் செஸ்ஸைப் பிடிப்பதில்லை. 1,35,000க்கு 4 சதவீதம் 5,400. அதை நாமே சலான் போட்டுக் கட்ட வேண்டும். என் வங்கிக் கணக்கில் பணம் ஏறிய அன்றே இதை யாராவது சொல்லியிருந்தால் எத்தனை நன்றாக இருந்திருக்கும்! பரிசு வாங்கும் ஒவ்வொருவருக்கும் அந்தக் காகிதங்களோடு சேர்த்து ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தால் போதும்.

இடது பக்கம் அவர் செய்ததுதான் எனக்குப் பெரிய உபகாரம். என் பென்ஷன் ஆண்டுக்கு 4,20,000. அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 5 லட்சம் போட்டிருக்கிறேன், 8.2 சதவீதத்தில் அதன் வட்டி 41,000. வங்கி வைப்பில் 19,000. மற்ற ஆண்டுகளில் என் வருமானம் புதிய வரி முறையில் வரியே இல்லாமல் போய்விடும், ஏனென்றால் மொத்த வருமானம் 7 லட்சத்துக்குள் இருந்தால் தள்ளுபடி உண்டு என்பது அந்த ஆண்டின் விதி. ஆனால் அந்த 7 லட்சத்தைக் கணக்கிடும்போது பரிசையும் சேர்த்துவிடுகிறார்கள். பென்ஷனில் நிலைக்கழிவு 75,000 போக, வட்டியையும் சேர்த்து 4,05,000. பரிசு 4,50,000. மொத்தம் 8,55,000. தள்ளுபடி போயிற்று. 3 லட்சத்துக்கு மேல் உள்ள 1,05,000க்கு 5 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 5,460 ரூபாய் பென்ஷனுக்கு வரி. பரிசு விழுந்ததால் பென்ஷனுக்கும் வரி வந்துவிட்டது.

“அவசரப்படாதீர்கள், பழைய முறையில் போட்டுப் பார்ப்போம்” என்றார். மருத்துவக் காப்பீட்டுக்கு நான் கட்டிய 30,000, பிபிஎஃப்பில் போட்ட 60,000, வட்டிக்கு மூத்த குடிமக்களுக்குரிய 50,000 கழிவு எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டு வாங்கினார். பழைய முறையில் நிலைக்கழிவு 50,000தான். இருந்தும் கணக்குப் போட்டால் இடது பக்கம் 2,90,000இல் நின்றது. 3 லட்ச விலக்குக்குள் அடங்கிவிட்டது. வரி பூஜ்யம். விலக்கில் மிச்சமிருக்கும் 10,000ஐப் பரிசுப் பக்கம் தள்ளலாமா என்று நானே பென்சிலோடு கேட்டேன். கோட்டை விரலால் தட்டிக் காட்டினார். கூடாது.

வியாபார வருமானம் இல்லாதவர்கள் ஆண்டுக்கு ஆண்டு பழைய முறையையோ புதிய முறையையோ தேர்ந்தெடுக்கலாம். ஆனால் கடைசி நாளுக்குள் தாக்கல் செய்தால்தான் பழைய முறை கிடைக்கும். பரிசு விழுந்த ஆண்டில் பழக்கத்தில் புதிய முறையிலேயே விட்டுவிடாதீர்கள். இரண்டையும் போட்டுப் பார்க்காத ஆடிட்டரிடம் போகவும் போகாதீர்கள். எனக்கு அந்த அம்மா மிச்சப்படுத்திய 5,460 அவருடைய கட்டணத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

வட்டி, அபராதம் எதுவும் உண்டா என்று கேட்டேன். அறுபது வயதுக்கு மேற்பட்டு, வியாபாரம் இல்லாதவர்களுக்கு முன்கூட்டி வரி கட்டும் கடமை இல்லை. ஆகவே எனக்கு இல்லை. இளையவர்களுக்கு இது பொருந்தாது. பெரிய தொகை விழுந்து, பிடித்தத்துக்கு மேலும் 10,000 அல்லது அதற்கு மேல் கட்ட வேண்டியிருந்தால், விழுந்த நாளுக்குப் பின் வரும் தவணைகளில், கடைசித் தவணையான மார்ச் 15க்குள்ளாவது கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் மாதம் ஒரு சதவீத வட்டி ஓடும்.

பிறகு கணினித் திரையை என் பக்கம் திருப்பி வைத்தார். கடவுச்சொல்லை நானே தட்டினேன். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து 4,50,000, 1,35,000 என்ற இரண்டு எண்களையும் என் 16ஏ படிவத்தோடு ஒவ்வோர் இலக்கமாக ஒத்துப் பார்த்தார். படிவம் ஐடிஆர்-2. அதில் மற்ற வருமானங்களுக்கான பட்டியலில் 115பிபி பரிசுக்கென்று தனி வரிசை இருக்கிறது. தொகையை அங்கே போட்டால் மட்டும் போதாது, எந்தக் காலப் பகுதியில் வந்தது என்றும் கீழே பிரித்துக் காட்ட வேண்டும். என் பணம் டிசம்பர் 16 முதல் மார்ச் 15 வரையிலான கட்டத்தில் விழுந்தது. அந்தக் கட்டத்தில் எண்ணைத் தட்டியதும் சிறப்பு விகிதப் பட்டியலில் 30 சதவீதம் தானாக வந்து உட்கார்ந்ததை என்னைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். 5,400க்கான சலானை என் வங்கிக் கணக்கிலிருந்தே கட்டினோம். மின்னஞ்சல், கைப்பேசி எண் எதையும் மாற்றவில்லை. ஆதாருக்கு வந்த ஓடிபியை நானே போட்டுச் சரிபார்ப்பையும் அங்கேயே முடித்தோம். தாக்கல் செய்து 30 நாளுக்குள் இந்தச் சரிபார்ப்பைச் செய்யாவிட்டால் உரிய நாளில் தாக்கல் செய்ததாகவே கணக்காகாது. பலருக்கு இது விட்டுப்போகிறதாம்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தில் மற்றவர்கள் கொண்டுவந்த கணக்குகளையும் கேட்க நேர்ந்தது. அந்த அம்மா தாழ்ந்த குரலில்தான் பேசுகிறார், ஆனால் அறை சிறியது. ஓர் இளைஞர் செல்போனில் ரம்மி ஆடியவர். ஒரு செயலியில் 20,000 போட்டு 32,000 எடுத்திருக்கிறார். வித்தியாசம் 12,000, அதற்கு 3,600 பிடித்துவிட்டார்கள். வேறொரு செயலியில் 15,000 தோற்றிருக்கிறார். கூட்டிக் கழித்தால் 3,000 நஷ்டம், வரி மட்டும் 3,600. இணைய விளையாட்டுக்கு 2023 ஏப்ரலிலிருந்து 115பிபிஜே என்று தனிப் பிரிவு. எடுத்த தொகையிலிருந்து போட்ட தொகையைக் கழித்து, மிஞ்சுவதில் 30 சதவீதம். லாட்டரிப் பரிசில் பிடித்தத்துக்கு உள்ள பத்தாயிரம் ரூபாய் வரம்பெல்லாம் அதற்குக் கிடையாது. செயலிக்குச் செயலி தனித்தனியாகப் பிடித்தார்கள். ஓர் இடத்தில் தோற்றதை இன்னோர் இடத்தில் வென்றதில் கழிக்க வழியில்லை என்று அந்த அம்மா சொன்னபோது அந்தப் பையனின் முகம் வாடிப்போயிற்று. அதே ஆகஸ்ட் மாதத்தில்தான் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நல்ல காரியம். இருந்தாலும் முன்பு வென்றதற்கான வரி கட்டித்தான் ஆக வேண்டும். அவரை அந்த அம்மா திட்டவில்லை, புத்திமதியும் சொல்லவில்லை. அவருடைய கணக்கைப் பொறுமையாகப் போட்டுக் கொடுத்தார்.

இன்னொருவர், கடைக் குலுக்கலில் ஸ்கூட்டர் விழுந்த ஒரு பெண். பொருளாக விழுந்தாலும் வரி உண்டு. வரி கட்டப்பட்டதை உறுதி செய்யாமல் பொருளைக் கொடுக்கக் கூடாது என்று கடைக்காரருக்குச் சட்டம் சொல்கிறது. 90,000 ரூபாய் வண்டிக்கு 27,000ஐ முதலில் வை என்றால், தையல் வேலை செய்யும் பெண் எங்கே போவார்? கடை ஏமாற்றுகிறது என்று நினைத்துத்தான் சண்டைக்கு ஆள் சேர்க்க வந்திருந்தார். அது சட்டப்படிதான் என்று விளக்கி, கட்டிய வரிக்கு அவர் பெயரில், அவருடைய பான் எண்ணில் சான்று வாங்கிக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்து அனுப்பினார். அதற்குக் கட்டணம் வாங்கவில்லை.

நண்பர்கள் சேர்ந்து சீட்டு வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. 2023இல் 25 கோடி ரூபாய் திருவோணம் பம்பர் நம் திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நால்வருக்கு விழுந்ததை எல்லாரும் படித்திருப்பீர்கள். அப்படிக் கூட்டாக வாங்கினால், யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பரிசைக் கேட்கும் முன்பே எழுதி, பிடித்தத்தையும் அவரவர் பான் எண்ணுக்குப் பிரித்துக் காட்டச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். ஒருவர் பெயரில் மொத்தமும் வந்து பிறகு பிரித்துக்கொண்டால், வரி ஒருவர் தலையில், பணம் நான்கு பேர் கையில் என்று ஆகிவிடும்.

25 கோடி விழுந்தால் எவ்வளவு நிற்கும் என்று கேட்டேன், ஆசைக்கு. செய்தித்தாள்கள் எல்லாம் 15.75 கோடி என்று எழுதுகின்றன. முகவருக்கு 2.5 கோடி, பிடித்தம் 6.75 கோடி போக மிச்சம் அது. அங்கேயும் கதை முடியவில்லை. வருமானம் பெரிதாகும்போது வரியின் மேல் சர்சார்ஜ் என்ற கூடுதல் வரி ஏறுகிறது. புதிய முறையில் அது 25 சதவீதம், அதற்கும் மேல் செஸ். கூட்டினால் இன்னும் 2 கோடியே இரண்டரை லட்சம் கட்ட வேண்டும். பழைய முறையில் சர்சார்ஜ் 37 சதவீதம் என்பதால் அது 2 கோடியே 86 லட்சத்தைத் தாண்டும். வங்கியில் ஏறிய பணம் முழுதும் தன்னுடையது என்று நினைத்து வீடு, கார், தங்கைக்கு நகை என்று கொடுத்து முடித்தவனிடம் அடுத்த ஆண்டு 2 கோடி கேட்டால் அவன் என்ன ஆவான்? பரிசு வென்றவரின் படத்தைப் போட்டு மாலை மரியாதை செய்கிறார்கள், யாரும் இதைச் சொல்வதில்லை. எனக்கு ஆற்றாமை அதுதான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மாடிப்படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். முட்டி வலி உள்ளவர்களுக்கு ஏறுவது சிரமம். கீழிருந்து கைப்பேசியில் அழைத்தால் உதவிப் பெண் இறங்கி வந்து காகிதங்களை வாங்கிக்கொள்கிறார், ஆனால் கணக்கைப் பார்க்க மேலே போய்த்தான் ஆக வேண்டும். வரிசைக்கு டோக்கன் இல்லை. யார் முதலில் வந்தது என்று பெஞ்சில் இருப்பவர்களே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு பெரியவர் இதற்காகக் கோபித்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். இன்னொன்று இதைவிட முக்கியம். வாடிக்கையாளர்களின் ஆதார், பான் நகல்கள் உதவிப் பெண்ணின் மேசை மேல் திறந்த தட்டில் கிடந்தன. பெஞ்சில் இருக்கிற யாரும் படிக்கலாம். நான் அதைச் சொன்னேன். அவர் உடனே எழுந்து பீரோவில் வைக்கச் சொன்னார், ஆனால் இது வந்தவர் சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் அல்ல. மறுபடி சலான் நகல் வாங்கப் போனபோது தட்டு பீரோவுக்குள் இருந்தது.

கட்டணம் 1,500 ரூபாய். முதலிலேயே சொன்னார், அதே தொகைக்கு எண் போட்ட ரசீது கொடுத்தார். சம்பளம் மட்டும் உள்ள எளிய கணக்குக்கு அந்தப் பக்கத்தில் இதில் பாதிக்கும் ஆள் இருக்கிறது. பரிசுப் பணம் உள்ளவர்கள் அந்தப் பாதியை மிச்சம் பிடிக்கப் போக வேண்டாம் என்பது என் கருத்து. பெங்களூரு மையத்திலிருந்து பரிசீலனை முடிந்த அறிவிப்பு என் மின்னஞ்சலுக்கே வந்தது. இரண்டு பத்திகளில், நான் காட்டியதும் அவர்கள் கணக்கிட்டதும் பக்கம் பக்கமாக. எல்லா வரிசையும் ஒன்றாக இருந்தது. கட்ட வேண்டியது இல்லை, திரும்ப வர வேண்டியதும் இல்லை.

போகிறவர்கள் 16ஏ படிவம், வங்கிப் பாஸ் புத்தகம், வட்டிச் சான்றுகள், காப்பீட்டு ரசீது, ஆதாரோடு இணைத்த பான், ஓடிபி வரும் கைப்பேசி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். 16ஏ இன்னும் கைக்கு வரவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம், 26ஏஎஸ்ஸில் பிடித்தம் ஏறியிருந்தால் அதை வைத்தே பார்த்துவிடுகிறார். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால், அதன் பிறகான வருமானத்துக்கு நான் எழுதிய பிரிவு எண்கள் பொருந்தாது. 30 சதவீதம் மாறவில்லை. பகல் ஒன்றரையிலிருந்து மூன்று வரை அலுவலகத்தைப் பூட்டிவிடுகிறார்கள். ஞாயிறு விடுமுறை. சனிக்கிழமை காலை கூட்டம் குறைவு.